வடிகாலா, மாற்றமா? ‘ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள்’ நூலின் நோயர் வரலாறுகளில் உணர்ச்சிமாற்றமும் பயன்பெறுவோரும்

ஆய்வுச்சுருக்கம்

ஜோசப் புரோயரும் சிக்மண்ட் பிராய்டும் இணைந்து 1895ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள்’ என்னும் நூல், பேச்சின் வழியே உளநோயைத் தீர்க்க முயன்ற தொடக்ககால முயற்சிகளுள் முதன்மையானது. அடக்கப்பட்ட உணர்ச்சி வெளியேறினால் நோய் நீங்கும் என்னும் வடிகால் கோட்பாடு இந்நூலின் வழியே பரவலாயிற்று. எனினும், நூலில் இடம்பெறும் ஐந்து நோயர் வரலாறுகளைக் கூர்ந்து நோக்கும்போது, அவை அக்கோட்பாட்டை முழுமையாக மெய்ப்பிக்கவில்லை என்பது புலனாகிறது. உணர்ச்சி வெளியேறுவதைவிட, அது பெயரிடப்படுவதும் பிறிதோர் உணர்ச்சியோடு இணைவதும் கேட்பவரின் ஏற்பைப் பெறுவதுமே நலத்திற்குக் காரணமாவதை அவ்வரலாறுகள் காட்டுகின்றன. இச்சிகிச்சையால் மிகுதியும் பயன்பெறுவோர் யார் என்னும் வினாவிற்கு நூல் தரும் மறைமுக விடையையும், அவ்விடையின் குறையையும் இக்கட்டுரை பிற்கால ஆய்வுகளின் துணையோடு மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: உளச்சிகிச்சை, உணர்ச்சிமாற்றம், வடிகால், நோயர் வரலாறு, பிராய்டு, மெய்ப்பாடு.

1. முன்னுரை

தமிழ்த் திறனாய்வு உலகில் ‘உணர்ச்சி வடிகால்’ என்பது நிலைபெற்றுவிட்ட தொடர். ஒப்பாரி பெண்களின் வடிகால் என்றும், கவிதை கவிஞனின் வடிகால் என்றும், நாட்டார் சடங்குகள் ஒடுக்கப்பட்டோரின் வடிகால் என்றும் எழுதுவது பெருவழக்கு. அன்றாடப் பேச்சிலும் துயருற்றவரிடம் ‘அழுதுவிட்டால் பாரம் குறையும்’ என்று ஆறுதல் கூறப்படுகிறது. இவ்விரு வழக்குகளுக்கும் அடியில் ஒரே உருவகம் உள்ளது. உணர்ச்சி என்பது நீர், மனம் என்பது தொட்டி, மடையைத் திறந்துவிட்டால் நீர் வெளியேறும், தொட்டி இலேசாகும்.

இவ்வுருவகத்திற்கு அறிவியல் மதிப்பை ஈட்டித் தந்த நூல்களுள் ‘ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள்’ தலையாயது. வியன்னா நகர மருத்துவர் இருவர் எழுதிய இந்நூல், 1893இல் வெளியான ‘முன்னறிக்கை’ என்னும் கட்டுரையையும், ஐந்து நோயர் வரலாறுகளையும், புரோயரின் கோட்பாட்டு இயலையும், சிகிச்சைமுறை பற்றிய பிராய்டின் இயலையும் கொண்டது. தம் நோயர் வரலாறுகள் சிறுகதைகளைப் போல அமைந்துவிட்டதையும், அறிவியலுக்குரிய இறுக்கம் அவற்றில் குறைந்து காணப்படுவதையும் பிராய்டே இந்நூலில் ஒப்புக்கொள்கிறார். எனவே, இவ்வரலாறுகளை இலக்கியப் பனுவல்களாகக் கொண்டு வாசிப்பதற்கு ஆசிரியரின் கூற்றிலேயே இடமுண்டு.

பனுவலாக வாசிக்கும்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. சிகிச்சையின்போது உணர்ச்சிக்கு உண்மையில் என்ன நேர்கிறது? அம்மாற்றத்தின் பயனை யார் மிகுதியாகப் பெறுகின்றனர்? கோட்பாட்டு இயல்கள் ஒருவகை விடையைத் தருகின்றன. நோயர் வரலாறுகள் வேறுவகை விடையைத் தருகின்றன. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

2. முன்னறிக்கையில் இரு கோட்பாடுகள்

முன்னறிக்கையின் மையக் கருத்து எளிமையானது. மனத்தைத் தாக்கிய நிகழ்ச்சிக்கு உரிய எதிர்வினை, அழுகையாகவோ சினமாகவோ பழிவாங்கலாகவோ வெளிப்பட்டிருந்தால் அந்நிகழ்ச்சியின் நினைவு தானே மங்கிவிடும். வெளிப்படாமல் நெரிக்கப்பட்ட உணர்ச்சியோ உடலின் குறியாக மாறுகிறது. அறிதுயிலில் அந்நினைவை மீட்டு, அதற்குரிய உணர்ச்சியோடு சொல்லில் வெளிப்படுத்தச் செய்தால் குறி நீங்குகிறது. செயலின் இடத்தில் மொழி நின்று அதே பணியைச் செய்கிறது என்பது நூலாசிரியர்களின் கொள்கை.

இக்கோட்பாட்டிற்குப் பெயரிட அவர்கள் தேர்ந்த சொல் அரிஸ்டாட்டிலின் ‘கதார்சிஸ்’. இத்தேர்வு தற்செயலானதன்று. அரிஸ்டாட்டிலின் அச்சொல்லை அறநிலைத் தூய்மையாகக் கொள்ளாமல், உடலிலிருந்து கழிவை நீக்கும் மருத்துவச் செயலாகக் கொள்ளவேண்டும் என்று ஜேக்கப் பெர்னேஸ் 1857இல் வாதிட்டிருந்தார். அவர் பிராய்டின் மனைவி மார்த்தாவின் பெரிய தந்தை முறையினர். இலக்கியக் கலைச்சொல் ஒன்று மருத்துவ விளக்கம் பெற்று, மருத்துவத்திற்குள் சென்று, பின்னர் மருத்துவத்தின் செல்வாக்கோடு மீண்டும் இலக்கியத் திறனாய்விற்குள் வந்து சேர்ந்தது. தமிழில் வழங்கும் ‘வடிகால்’ இப்பயணத்தின் கடைசிக் கட்டத்தைச் சார்ந்தது எனலாம்.

முன்னறிக்கையில் அதிகம் பேசப்படாத பிறிதொரு கருத்தும் உள்ளது. எதிர்வினை வெளிப்படாதபோதும் இயல்பான மனத்தில் ஒரு நினைவு தன் வலிமையை இழக்கக்கூடும். அந்நினைவு பிற நினைவுகளோடு இணைந்து, அவற்றால் திருத்தம் பெறுகிறது என்பதே அதற்கு அவர்கள் கூறும் காரணம். இழிவுபடுத்தப்பட்ட ஒருவர் தம் தகுதியை நினைவுகூர்வதால் இழிவின் கூர்மை மழுங்குகிறது. விபத்திற்கு ஆளானவர் தாம் மீட்கப்பட்டதையும் சேர்த்து நினைப்பதால் அச்சம் தணிகிறது. இங்கு எதுவும் வெளியேறவில்லை. ஒன்றோடு மற்றொன்று சேர்கிறது. சேர்க்கையால் முன்னது மாறுகிறது. நூலாசிரியர்கள் இதனை இயல்பான மனத்தின் தொழிலாகக் குறிப்பிட்டுவிட்டுச் சிகிச்சையை விளக்கும்போது வடிகாலையே முதன்மைப்படுத்துகின்றனர். ஒரே கட்டுரையில் நிற்கும் இவ்விரு கோட்பாடுகளுள் எதனை நோயர் வரலாறுகள் உறுதிப்படுத்துகின்றன என்பதே அடுத்து ஆராயத்தக்கது.

3. ஐந்து நோயர் வரலாறுகள்

3.1 அன்னா ஓ.

புரோயர் 1880 டிசம்பர் முதல் 1882 ஜூன் வரை சிகிச்சை அளித்த இளம்பெண், நூலில் அன்னா ஓ. என்னும் புனைபெயரில் இடம்பெறுகிறார். தம் சிகிச்சைக்குப் ‘பேச்சு மருத்துவம்’ என்றும், வேடிக்கையாகப் ‘புகைபோக்கியைத் துப்புரவு செய்தல்’ என்றும் ஆங்கிலத்தில் பெயரிட்டவர் அவரே. இரண்டாம் பெயர் வடிகால் உருவகத்தின் மற்றொரு வடிவம்.

கடுங்கோடையில் ஏறத்தாழ 6 வாரங்கள் அவரால் நீர் பருக இயலவில்லை. பழங்களைக் கொண்டே தாகம் தணித்தார். அறிதுயில் நிலையில், தமக்கு உடனிருந்த ஆங்கிலப் பெண்மணியின் நாய் ஒரு கண்ணாடிக் குவளையிலிருந்து நீர் குடித்ததைக் கண்ட நிகழ்ச்சியை அருவருப்போடு விவரித்தார். மரியாதை கருதி அன்று ஒன்றும் சொல்லாதிருந்தவர், அடக்கிய சினத்தை இப்போது வெளிப்படுத்தினார். உடனே நீர் கேட்டுப் பருகினார். வடிகால் கோட்பாட்டின் மூலச்சான்று இதுவே.

இந்நிகழ்ச்சியில் இரண்டு உணர்ச்சிகள் உள்ளன என்பது கவனிக்கத்தக்கது. குறியாக நின்றது அருவருப்பு; சிகிச்சையில் புதிதாக வந்தது சினம். மரியாதை என்னும் சமூகக் கட்டுப்பாடு சினத்தைத் தடுத்திருந்தது. சினம் கொள்ளத் தமக்கு உரிமை உண்டு என்பது, எதிரில் அமர்ந்து கேட்கும் ஒருவர் முன்னிலையில் நிறுவப்பட்டபோது அருவருப்பு தன் பிடியைத் தளர்த்தியது. ஓர் உணர்ச்சி வெளியேறியது என்பதைக் காட்டிலும், ஓர் உணர்ச்சியின் இடத்தைப் பிறிதோர் உணர்ச்சி பெற்றது என்று கூறுவதே நிகழ்ச்சியின் விவரங்களுக்குப் பொருந்துகிறது.

புரோயர் நலமடைதலோடு வரலாற்றை முடிக்கிறார். அன்னா ஓ. என்பவர் பெர்த்தா பாப்பன்ஹைம் என்பதை எர்னஸ்ட் ஜோன்ஸ் 1953இல் வெளிப்படுத்தினார். சிகிச்சை முடிந்ததாகக் கூறப்பட்ட அடுத்த மாதமே அவர் சுவிட்சர்லாந்தின் க்ரொய்ட்ஸ்லிங்கன் நகரிலுள்ள பெல்வியூ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை எல்லென்பெர்கர் 1972இல் ஆவணங்களைக் கொண்டு நிறுவினார். முகநரம்பு வலியும் மார்பின் பழக்கமும் அப்போது அவரை விட்டு நீங்கியிருக்கவில்லை. பின்னாளில் அவர் பிராங்க்பர்ட் நகரில் சமூகப்பணியாளராக உயர்ந்து, 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். மடை திறந்த வேகத்தில் நோய் நீங்கிற்று என்னும் கதை வடிவத்திற்கும், பல ஆண்டுகளில் மெல்ல உருவான வாழ்க்கைக்கும் உள்ள இடைவெளி பெரிது.

3.2 எம்மி ஃபான் என்.

நாற்பது வயதளவிலான செல்வக்குடிக் கைம்பெண்ணாகிய எம்மியின் வரலாற்றில் பிராய்டு இரு முறைகளைக் கலந்து கையாள்கிறார். உணர்ச்சியை வெளிப்படுத்தச் செய்வது ஒன்று. அச்சந்தரும் நினைவுகளை அறிதுயில் ஆணையால் துடைத்தெறிவது மற்றொன்று. இரண்டும் நீக்கல் முறைகளே. எம்மியோ இதற்கு இணங்காமல், இது எங்கிருந்து வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று ஓயாமல் கேட்பதை விடுத்துத் தாம் சொல்லவருவதைச் சொல்லவிடுமாறு மருத்துவரைக் கடிந்துகொள்கிறார். பிராய்டு அதற்கு உடன்படுகிறார். உளச்சிகிச்சை வரலாற்றில் கேட்டலின் தொடக்கம் நோயரின் எதிர்ப்பிலிருந்து பிறந்தது என்பது இப்பகுதியால் விளங்குகிறது.

எம்மியின் நலம் நீடிக்கவில்லை. பின்னாளில் அவர் வேறு மருத்துவர்களிடமும் இதேபோன்று நலம்பெற்று, மீண்டும் நோயுற்றதை அறிந்ததாகப் பிராய்டு 1924இல் சேர்த்த அடிக்குறிப்பு தெரிவிக்கிறது. மிகுதியாக வெளிப்படுத்தியவரே மிகுதியாகப் பயன்பெறுவார் எனில், எம்மி முதலிடம் பெற்றிருக்கவேண்டும். வரலாறு அவ்வாறு அமையவில்லை.

3.3 லூசி ஆர்.

வியன்னாவின் புறநகரில் ஆலை மேலாளர் ஒருவரின் இல்லத்தில் குழந்தைகளைப் பேணும் பணியிலிருந்த ஆங்கிலப் பெண் லூசி, 1892ஆம் ஆண்டின் இறுதியில் பிராய்டிடம் வந்தார். தீய்ந்த இனிப்புப் பண்டத்தின் மணம் அவரை ஓயாது வருத்தியது. அறிதுயில் அவருக்குக் கைகூடாததால் உரையாடலே கருவியாயிற்று. மனைவியை இழந்த தம் முதலாளியின்மீது அவர் கொண்ட காதலும், அது நிறைவேறும் என்ற நம்பிக்கையும் நோயின் வேராக வெளிப்பட்டன. அதனைத் தாம் அறிந்திருந்தும் அறிய விரும்பாதிருந்ததாக அவர் ஒப்புக்கொண்டார். பின்னர்த் தீய்ந்த மணம் மறைந்து சுருட்டின் மணம் தோன்றியது. அதனைத் தொடர்ந்து சென்றபோது, குழந்தைகளை விருந்தினர் முத்தமிட்டதற்காக முதலாளி தம்மைக் கடுமையாகச் சினந்த நாளும், அன்றே நம்பிக்கை நொறுங்கியதும் நினைவிற்கு வந்தன.

இரு நாள் கழித்து வந்தவர் முற்றிலும் மலர்ச்சியோடு காணப்பட்டார். முதலாளி மணம்புரிய இசைந்துவிட்டாரோ என்று பிராய்டு ஐயுறும் அளவிற்கு அம்மலர்ச்சி இருந்தது. அப்படி எதுவும் நிகழவில்லை. இன்னும் அவரை விரும்புகிறீரா என்ற வினாவிற்கு லூசி ஆம் என்றே விடை தருகிறார்; ஆயினும் அதனால் தமக்குத் துன்பம் இல்லை என்றும், மனத்திற்குள் எதையும் எண்ணவும் உணரவும் தமக்கு உரிமையுண்டு என்றும் கருதுகிறார்.

நூலின் ஐந்து வரலாறுகளுள் உணர்ச்சிமாற்றத்தின் இயல்பை மிகத் தெளிவாகக் காட்டுவது இதுவே. காதல் வடிந்துவிடவில்லை. அது முன்பிருந்த அளவிலேயே இருக்கிறது. அதன்மீது படிந்திருந்த வெட்கம் நீங்கியது. அதனோடு பிணைந்திருந்த எதிர்பார்ப்பு துக்கமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 9 வாரங்களில், மருத்துவரின் நெருக்கடியான பணிநேரத்தின் இடைவெளிகளில் நடந்த உரையாடல்களால் விளைந்த மாற்றம் இது. வடிகால் கோட்பாட்டால் இதனை விளக்க இயலாது. முன்னறிக்கையின் இரண்டாம் கோட்பாடாகிய திருத்தக் கோட்பாட்டிற்கு இது நேர்ச்சான்றாகிறது.

3.4 எலிசபெத் ஃபான் ஆர்.

நோயுற்ற தந்தையை நீண்டநாள் பேணிய 24 வயதுப் பெண் எலிசபெத். கால்வலியால் நடக்க இயலாது துன்புற்ற அவரைப் பிராய்டு 1892இன் இலையுதிர் காலத்தில் சந்தித்தார். அவர் தம் துயரங்களைத் தடையின்றிச் சொன்னார். ஆயினும் வலி குறையவில்லை. தமக்கை இறந்துகிடந்த கட்டிலருகே, இனித் தமக்கை கணவரைத் தாம் மணக்கலாம் என்ற எண்ணம் மின்னலெனத் தோன்றியதை ஏற்கும்வரை சிகிச்சை நகரவில்லை. ஏற்றபோது அவர் கதறினார், வலி மிகுந்தது. உணர்ச்சிகளுக்கு ஒருவர் பொறுப்பாக இயலாது என்பதையும், அவர் நோயுற்றதே அவருடைய அறவுணர்விற்குச் சான்று என்பதையும் எடுத்துக்கூறிப் பிராய்டு ஆறுதலளித்தார். தணிவு அதன்பின்னரே வருகிறது.

வெளிப்பாடு வலியை மிகுவித்தது. வெளிப்பட்டதைப் பழியின்றி ஏற்ற மற்றொருவரின் சொல் அதனைத் தணித்தது. அதே மருத்துவர் அந்த மறைபொருளை அவர்தம் தாயிடம் தெரிவித்தபோது எலிசபெத் வெகுண்டெழுந்தார், வலியும் திரும்பிற்று. நம்பிக்கை முறிந்ததும் நோய் மீண்டது என்பது, உணர்ச்சிமாற்றம் தனிமனத்தின் உள்ளே மட்டும் நிகழ்வதன்று என்பதைக் காட்டுகிறது. 1894ஆம் ஆண்டு இளவேனிற் பருவத்தில் நடன அரங்கொன்றில் அவர் துள்ளி ஆடிச் செல்வதைப் பிராய்டு கண்டார். எனினும், தமக்கை கணவரைத் தாம் காதலித்ததாக ஏற்கவைக்க அம்மருத்துவர் முயன்றார், உண்மை அதுவன்று என்று எலிசபெத் பிற்காலத்தில் கூறியதாக அவருடைய மகளின் கூற்று பதிவாகியுள்ளது. நலம்பெற்றவரே விளக்கத்தை மறுக்கிறார் எனில், நலத்தின் காரணம் விளக்கத்தின் சரிநுட்பத்தில் மட்டும் இருந்திருக்க இயலாது.

3.5 கத்தரீனா

உயர்மலை விடுதியொன்றில் பணியாற்றிய ஏறத்தாழ 18 வயதுப் பெண் கத்தரீனா. விடுமுறைக்கு வந்த பிராய்டை மருத்துவர் என்று விருந்தினர் பதிவேட்டின் வழி அறிந்து, தம் மூச்சுத்திணறலைப் பற்றித் தாமே பேசத் தொடங்குகிறார். நடந்தது ஒரே ஓர் உரையாடல். ‘மாமா’ என்று நூலின் முதற்பதிப்பில் குறிக்கப்பட்டவரின் தவறான நடத்தையை அவர் கண்டதும், தமக்கும் முன்பு அவரால் தீங்கு முயற்சி நேர்ந்ததும் வெளிப்படுகின்றன. அம்மனிதர் அவருடைய தந்தையே என்பதை 1924ஆம் ஆண்டின் அடிக்குறிப்பு தெரிவிக்கிறது.

கத்தரீனாவை அச்சுறுத்திய முகம், அவர் உண்மையைச் சொன்னபின் அம்மனிதர் காட்டிய சினமுகம். அவர் முன்பே வீட்டில் சொல்லிவிட்டார். சொன்னதால் குடும்பம் பிரிந்தது; பழி அவர்மீது விழுந்தது. அடக்கியதால் நோய் என்னும் கோட்பாட்டிற்கு நேர்மாறாக, வெளிப்படுத்தியதன் விளைவே இங்கு நோயின் ஒரு பகுதியாகியுள்ளது. வடிகால் உருவகம் வெளியேறும் நீர் எங்கே சென்று சேர்கிறது என்பதைக் கேட்பதில்லை. கத்தரீனாவின் வரலாறு அவ்வினாவை எழுப்புகிறது. அவருக்கு நன்மை விளைந்திருக்கும் என்று நம்புவதாகவும், மீண்டும் அவரைக் காணவில்லை என்றும் கூறிப் பிராய்டு முடிக்கிறார்.

4. பிற்கால ஆய்வுகளின் ஒளியில்

பிராய்டு தம் முதற்கோட்பாட்டில் நிலைத்து நிற்கவில்லை. நினைவுகூர்தல், மீளச்செய்தல், உழைத்துக் கடத்தல் ஆகிய மூன்றையும் பற்றி 1914இல் எழுதிய கட்டுரையில், ஒருமுறை வெளிப்படுத்துதல் போதாது என்பதையும், பொறுமையான நீண்ட உழைப்பு தேவை என்பதையும் வலியுறுத்தினார். ஃபிரான்ஸ் அலெக்சாண்டரும் தாமஸ் பிரெஞ்சும் 1946இல், பழைய உணர்ச்சியைப் புதிய உறவுச் சூழலில் மீண்டும் துய்ப்பதே மாற்றத்தின் ஊற்று என்றனர். எலிசபெத்தின் வரலாறு இதற்கு முன்னோடியான சான்றாகும்.

வடிகால் கருத்தை ஆய்வகத்தில் சோதித்தவர் பிராட் புஷ்மன். 2002இல் வெளியான அவருடைய ஆய்வில் 600 மாணவர்கள் பங்கேற்றனர். தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துமூட்டையைக் குத்தியவர்களின் சினம் தணியவில்லை. அவர்களே மற்றக் குழுக்களைவிட மிகுந்த சினத்தோடு காணப்பட்டனர். எதுவும் செய்யாது அமர்ந்திருந்த குழுவினரிடம் தாக்குமனப்பான்மை குறைந்திருந்தது. வெளிப்பாடு மட்டுமே உணர்ச்சியைத் தணிக்கும் என்னும் கருத்தை இம்முடிவு மறுக்கிறது.

ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. தம் வாழ்வின் அதிர்ச்சி நிகழ்ச்சியையும் அதனோடு சேர்ந்த உணர்ச்சியையும் 4 நாள்கள், நாளொன்றுக்கு 15 நிமிடம் எழுதிய மாணவர்கள், எழுதிய பொழுதில் மனவருத்தம் மிகுந்தவர்களாகவே இருந்தனர். பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்தை நாடியது குறைந்தது. எழுத்துகளைப் பகுத்தாய்ந்த பிற்கால ஆய்வுகள், காரணத்தையும் தெளிவையும் குறிக்கும் சொற்கள் நாளுக்குநாள் பெருகியவர்களே மிகுந்த பயன் பெற்றதாகக் கண்டன. முதல்நாளே தெளிந்த கதையோடு வந்தவரைவிட, எழுதுவதனூடே கதை உருப்பெற்றவர் நலமடைந்தார் என்பது இதன் பொருள்.

லெஸ்லி கிரீன்பெர்க் வளர்த்தெடுத்த உணர்ச்சிமைய உளச்சிகிச்சை இக்கருத்தைக் கோட்பாடாக்கியது. ஓர் உணர்ச்சியைப் பிறிதோர் உணர்ச்சியைக் கொண்டே மாற்ற இயலும் என்பது அதன் அடிப்படை. அன்டோனியோ பாஸ்குவல்-லியோனும் கிரீன்பெர்க்கும் 2007இல் வகுத்த படிநிலையில், உருத்தெரியாத பொதுத்துயரம் முதலில் நிற்கிறது. அது அச்சமாக, வெட்கமாக, புறந்தள்ளும் சினமாகப் பிரிந்து தெளிகிறது. பின்னர் நிறைவேறாத தேவை இன்னதென்று உணரப்பட்டு, தன்மதிப்பைக் காக்கும் சினமும் தன்னைத் தேற்றும் கனிவும் இழப்பிற்கான துக்கமும் எழுகின்றன. நீர் பருகிய அன்னாவிடம் தோன்றிய சினமும், லூசியிடம் தோன்றிய துக்கம் கலந்த ஏற்பும் இப்படிநிலையில் தமக்குரிய இடங்களைப் பெறுகின்றன. 1895இன் பனுவல் தன் கோட்பாட்டைக் காட்டிலும் முன்னே சென்றிருக்கிறது.

5. பயன்பெறுவோர் யார்?

புரோயரும் பிராய்டும் தம் முறைக்குரிய நோயரைப் பற்றிக் கூறுகையில் அறிவுக்கூர்மையையும் மருத்துவர்மீதான நம்பிக்கையையும் வேண்டுகின்றனர். நூலின் நோயர்களுள் மூவர் வளமான குடும்பத்துப் பெண்கள். இத்தேர்வு பின்னர் ஒரு மரபாயிற்று. ஆகஸ்ட் ஹாலிங்ஸ்ஹெட், ஃபிரடெரிக் ரெட்லிக் ஆகியோர் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் நடத்தி 1958இல் நூலாக வெளியிட்ட ஆய்வு, உயர்வகுப்பினர்க்கு உரையாடல் சிகிச்சையும், தாழ்வகுப்பினர்க்கு மருந்தும் மின்னதிர்ச்சியும் அடைப்புப் பராமரிப்பும் கிடைத்ததைப் புள்ளிவிவரங்களோடு காட்டியது. இளமை, அழகு, பேச்சுத்திறன், அறிவு, வெற்றி ஆகியவற்றைக் கொண்டோரையே சிகிச்சையாளர்கள் விரும்புகின்றனர் என்று வில்லியம் ஸ்கோஃபீல்டு 1964இல் எள்ளலோடு சுட்டினார்.

உணர்ச்சியைச் சொல்லில் வடிக்க இயலாத நிலைக்கு ‘அலெக்சிதைமியா’ என்று பீட்டர் சிஃப்னியோஸ் 1973இல் பெயரிட்டார். இத்தகையோர் அகநோக்குச் சிகிச்சையால் குறைந்த பயனே பெறுகின்றனர் என்பது அவர் கருத்து. இதனை அப்படியே ஏற்றால், சொல்வளம் உள்ளவர்க்கே சிகிச்சை என்னும் முடிவு உறுதிப்படும். ஆனால், சொல்வளத்திற்கும் உணர்ச்சித் தொடர்பிற்கும் வேறுபாடு உண்டு. ஒருவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதைவிட, பேசும்போது தம் உள்ளுணர்வைத் தொட்டுத் தயங்கித் தேடிப் பேசுகிறாரா என்பதே சிகிச்சையின் வெற்றியை முன்னுணர்த்துகிறது என்று யூஜின் ஜெண்ட்லின் கண்டார். தடையின்றிப் பேசிய எம்மி நோய்க்குத் திரும்பியதையும், சுருங்கப் பேசிய லூசி நலமடைந்ததையும் இவ்வேறுபாடு விளக்குகிறது.

மேலும், பேச இயலாமை என்பது பலசமயம் பேசுவோரின் குறையாக இராமல் கேட்கும் சூழலின் குறையாக அமைகிறது. நகரத்து நோயர்களைவிடக் கத்தரீனாவோடு உரையாடுவது எளிதாக இருந்ததாகப் பிராய்டே குறிப்பிடுகிறார். இதற்கு இக்காலச் சான்று ஜிம்பாப்வே நாட்டில் கிடைக்கிறது. உளநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா ஹராரே நகரில் உருவாக்கிய ‘நட்பு இருக்கை’ திட்டத்தில், பயிற்சிபெற்ற முதிய பெண்கள் மருத்துவ நிலையங்களின் வளாகத்தில் மரப்பலகைமீது அமர்ந்து நோயரோடு உரையாடுகின்றனர். 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வு, 6 அமர்வுகள் கொண்ட இம்முறையைப் பெற்றோரிடம் 6 மாதங்களுக்குப் பின்னர் மனச்சோர்வும் பதற்றமும் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைந்திருந்ததைக் காட்டியது. பங்கேற்றோருள் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேற்பட்டோர் பெண்கள். வசதி குறைந்த அம்மக்கள் ஸ்கோஃபீல்டின் பட்டியலில் இடம்பெறுபவர்கள் அல்லர்.

அத்திட்டத்தில் நோய்க்கு வழங்கும் ஷோனா மொழிச் சொல் ‘குஃபுங்கிசிசா’. அளவுகடந்து எண்ணுதல் என்பது அதன் பொருள். சிகிச்சையின் முதற்படி ‘மனத்தைத் திறத்தல்’ எனப்படுகிறது. எழச்செய்தலும் வலிமையூட்டலும் அதனைத் தொடர்கின்றன. திறத்தலோடு முறை முடிந்துவிடுவதில்லை. திறந்தபின் துயரின் காரணமாகிய நடைமுறைச் சிக்கல் ஒன்றைத் தேர்ந்து, அதற்குத் தீர்வு தேடப்படுகிறது. கத்தரீனாவிற்குக் கிடைக்காமற்போன அடுத்தபடி இதுவே.

6. தமிழ்ச் சொல்லாட்சி

‘வடிகால்’ என்னும் சொல்லின் குறை எங்கே உள்ளது என்பது இப்போது தெளிவாகிறது. அது எல்லா உணர்ச்சிகளையும் ஒரே நீராகக் கருதுகிறது. அளவை மட்டும் நோக்குகிறது. கேட்பவரைக் கணக்கில் கொள்வதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உளச்சிகிச்சையைப் பற்றிய நூற்பகுதி அன்று. அதனை இக்கால உளவியலின் முன்னறிவிப்பாகக் காட்டுவது வரலாற்றுக்கு முரணானது. ஆயினும், உணர்ச்சிகளை வகைப்படுத்தும் நுட்பத்தில் அது தரும் சொல்வளம் தமிழாய்வாளர்க்குப் பயன்படத்தக்கது. அழுகை என்னும் ஒரே மெய்ப்பாட்டிற்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு நிலைக்களன்களை அது வகுக்கிறது. இழிவுபடுத்தப்பட்டவரின் கண்ணீரும், இழந்தவரின் கண்ணீரும், முன்னிருந்த நிலையிலிருந்து வீழ்ந்தவரின் கண்ணீரும், இல்லாதவரின் கண்ணீரும் வெவ்வேறானவை.

எலிசபெத்தின் அழுகை தொடக்கத்தில் இழவின் அழுகையாகவே தோன்றியது. அதன் அடியிலிருந்த தன்னிழிவு கண்டறியப்படும்வரை அது எத்துணை பெருகியும் வலி தணியவில்லை. ஹராரே நகரப் பெண்ணின் கண்ணீருக்கு வறுமையும் நிலைக்களனாகலாம். அங்குக் கேட்டலோடு நடைமுறைத் தீர்வும் வேண்டப்படுகிறது. கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரவல்லார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் விளங்குதல் அரிது என்னும் கருத்தோடு மெய்ப்பாட்டியல் நிறைவுறுகிறது. உணர்ச்சியை உணர்பவரின் தகுதியை முதன்மைப்படுத்தும் இந்நோக்கு, வடிகால் உருவகம் விட்டுவிட்ட கேட்பவரை மீண்டும் நடுவிடத்தில் வைக்கிறது.

ஒப்பாரியை ‘வடிகால்’ என்று மட்டும் குறிக்கும் திறனாய்வும் இவ்வகையில் மறுபரிசீலனைக்குரியது. ஒப்பாரி தனிமையில் பாடப்படுவதன்று. மாரடித்துச் சூழ்ந்திருக்கும் பெண்கள் அதனைக் கேட்கின்றனர், எதிர்ப்பாட்டு தருகின்றனர். இழவைப் பாடத் தொடங்கியவர் பிறந்தகத்தின் புறக்கணிப்பையும் புகுந்தகத்தின் கொடுமையையும் இடைமிடைந்து பாடுகையில், துக்கம் முறையீடாக மாறுகிறது. இம்மாற்றத்தைக் கழிவுநீக்கமாகச் சுருக்குவது, பாடுபவரின் சொல்லுக்குரிய பொருளை மறுப்பதாகும்.

7. முடிவுரை

இவ்வாய்வின் வழி பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

‘ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகள்’ நூலின் முன்னறிக்கை வடிகால் கோட்பாட்டையும் திருத்தக் கோட்பாட்டையும் ஒருசேரக் கொண்டுள்ளது. முன்னது புகழ்பெற்றது, பின்னதையே நோயர் வரலாறுகள் மிகுதியும் உறுதிப்படுத்துகின்றன.

சிகிச்சையில் உணர்ச்சி நீங்குவதைக் காட்டிலும் பிரிந்து தெளிவதும், பிறிதோர் உணர்ச்சியைச் சந்திப்பதும், பழியின்றி ஏற்கப்படுவதும் மாற்றத்தை விளைவிக்கின்றன. லூசியின் வரலாறு இதற்குத் தலைசிறந்த சான்றாகும்.

மிகுதியாக வெளிப்படுத்துபவரே மிகுதியாகப் பயன்பெறுவார் என்பதற்கு நூலில் ஆதாரம் இல்லை. தம் உணர்வைத் தேடிப் பேசுபவரும், பேச்சின் விளைவிலிருந்து காக்கப்படுபவரும், பேச்சிற்குப்பின் வாழ்க்கைச் சூழலில் ஓரடியேனும் நகர வாய்ப்புப் பெற்றவரும் பயன்பெறுகின்றனர். இவற்றுள் முதலாவது நோயரைச் சார்ந்தது. ஏனைய இரண்டும் கேட்பவரையும் சமூகத்தையும் சார்ந்தவை.

சொல்லத் தெரிந்தவர்க்கே உளச்சிகிச்சை பயன்தரும் என்னும் கருத்து, வடிகால் உருவகத்தின் விளைவாகும். அவ்வுருவகத்தைக் கைவிடும்போது, பயன்பெறாதவரைத் தகுதியற்றவராகக் கருதும் வழக்கமும் தன் அடித்தளத்தை இழக்கிறது. துயருற்றவரிடம் அழுதுவிடுமாறு கூறுவது எளிது. அவ்வழுகை எந்நிலைக்களனில் எழுந்தது என்பதை உணரும் செவியை உருவாக்குவதே தமிழ்ச்சூழலில் உளநலப் பணியும் திறனாய்வும் மேற்கொள்ளவேண்டிய கடமையாகும்.